ஐந்து மணிக்குள் ஓர் எண்

தபால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? காலால் ஒரு மிதி. இரும்பு கல்லில் உரசும், ஸ்பிரிங் ஒரு தடவை துள்ளும், அப்புறம் பின்சக்கரம் மட்டும் காற்றில் மெல்லச் சுற்றி ஓயும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் சைக்கிள் போய்விட்டது. கடிதம் ஒன்றும் இல்லை. வீட்டில் கேட்டால், இன்றைக்குத் தபால்காரர் வரவே இல்லையே என்றார் அப்பா. இன்றைக்குத் தபால்காரர் வரவே இல்லையே என்றான் அண்ணன். சித்தியும் அதையேதான் சொன்னாள். எனக்கு அதுதான் உறுத்தியது. உண்மை பேசுகிற மூன்று பேர் மூன்று விதமாகத்தான் பேசுவார்கள்.

சென்னையில் எம்.ஏ. சேர்வதற்கு எனக்கு வந்திருக்க வேண்டிய நேர்முகக் கடிதம் அது. ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது. யார் எடுத்தார்கள் என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் திதியன்றும், இவராகத்தான் இருக்கும் என்று தோன்றும். அடுத்தவர் திதி வரைக்கும் அப்படியே இருக்கும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மடியில் இருக்கிற அந்த நீல ஃபைல். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாப்பாவுக்குக் கவுன்சலிங்தானே? நினைத்தேன். தூங்கட்டும், எழுப்பாதீர்கள். தூங்குகிறாளா, காதில் வயரை மாட்டிக்கொண்டு கண்ணை மட்டும் மூடியிருக்கிறாளா என்பது நமக்குத் தெரியாது. என் வீட்டில் இருந்தவளும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள்.

பஸ் திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கு உபயோகப்படும்.

என் பெயர் பகவதி. ஊர் அம்பாசமுத்திரம். எம்.ஏ. படிக்கப் போகவில்லை, தபால் இலாகாவுக்குப் போனேன். முப்பத்தாறு வருஷம். என் கையைத் தாண்டி ஒரு கடிதம் தவறியதில்லை. தெருப்பெயர் இல்லாமல், 'கல்மண்டபம் பக்கத்தில் தறி வைத்திருக்கிற ராமலட்சுமிக்கு' என்று மட்டும் எழுதி வந்த கார்டைக்கூட ஆள் விசாரித்துச் சேர்த்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்து அதைத்தான் கேட்பீர்கள், அதனால் முந்திச் சொல்லிவிட்டேன்.

என் வீட்டில் இருந்தவள் என்றேனே, அவள் வடிவு, என் அண்ணன் மகள் கோமுவுக்கு மகள். முழுப்பெயர் சண்முகவடிவு. கோமு நர்ஸ். அவள் புருஷன் வேலைக்கென்று திருப்பூர் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். கோமு மஸ்கட் போனாள், வடிவை என்னிடம் விட்டாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா என்னை அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அத்தை என்றே கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தது.

நான் கண்டிப்பானவள் இல்லை. பிளஸ் டூ முடிகிற வரை கையில் போன் கூடாது என்றேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அவள் பையை நான் சோதித்ததே இல்லை. பை திறந்திருந்தால் கண்ணில் படுவது படும். ஜிப்பை நான்தான் திறந்திருப்பேன், அது வேறு விஷயம்.

நன்றாகப் படித்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ரிசல்ட் வந்தபோது கட்-ஆஃப் நூற்றெண்பத்தாறு. என்னடி படிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"சிவில் அத்தை. பாலம் கட்டணும்."

"ஆம்பளப் பையனுவளே ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காரணும்ங்கான். நீ வெயில்ல நிக்கப் போறியா?"

"நிப்பேன்."

ஒரே வார்த்தை. யோசித்துச் சொன்னமாதிரி இல்லை, எப்போதோ யோசித்து முடித்து வைத்திருந்தமாதிரி. எனக்கு அங்கேயே ஏதோ தட்டியது.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே இடம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சேர்மராஜ் வைத்திருக்கிற பிரௌசிங் சென்டர். ஜெராக்ஸ், பட்டா, ரேஷன் கார்டு, கவுன்சலிங், எல்லாம் அங்கேதான். அவன் என்னைப் போஸ்ட்டாபீஸம்மா என்று கூப்பிடுவான். மரியாதையா, கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். பதிவு செய்கிற அன்று நானும் கூடப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"யார் நம்பரக் குடுக்க, போஸ்ட்டாபீஸம்மா?" என்று கேட்டான்.

"என் நம்பரைப் போடு."

"பிள்ளைக்கி ஒரு சிம் வாங்கிக் குடுங்களேன். இனிமே எல்லாம் மெசேஜ்லதான் வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரகசிய நம்பர் வரும், அதப் போட்டாத்தான் அடுத்த கதவு தொறக்கும்."

"அதனாலதான் என் நம்பர்ங்கேன்."

வடிவு சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் ஒரு பக்கம், லேமினேஷன் ஒரு பக்கம், அதை ஒரு பெண் எவ்வளவு நேரம் படிப்பாள்?

பதிவு செய்து நான்கு நாள் ஆகவில்லை, என் போன் அடிக்க ஆரம்பித்தது. "சண்முகவடிவோட பேரன்ட்டா மேடம்? எங்க காலேஜ்ல ஹாஸ்டல் ஃப்ரீ மேடம்." "லேப்டாப் தர்றோம் மேடம்." ஈரோட்டிலிருந்து ஒருவன், நாமக்கல்லிலிருந்து ஒருத்தி. பெயர் தெரிகிறது, மார்க் தெரிகிறது, ஊர் தெரிகிறது. எப்படித் தெரியும்? நான் நேரே சேர்மராஜிடம் போய்க் கேட்டேன், ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் உனக்கு என்ன தருகிறார்கள் என்று.

அவன் சிரித்தான். "எனக்கா? பிரிண்ட் அவுட் ஒரு பக்கத்துக்கு அஞ்சு ரூவா. நீங்கதான் தரணும்."

சிரிக்கிறவனை எப்போதும் கவனிக்க வேண்டும். நான் கவனித்தேன்.

அடுத்து, கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற நாள். உங்களுக்கும் வரும். எது முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று நாமே வரிசையாகப் போட வேண்டும். நம் மார்க்குக்கு மேலிருந்து எது கிடைக்கிறதோ அது. வடிவு ஒரு நோட்டுக் காகிதத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள். முதலாவது கோயம்புத்தூர், அரசாங்கக் கல்லூரி. இரண்டாவது சேலம். மூன்றாவது அதற்கும் அந்தப்புறம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்கிற திருநெல்வேலிக் கல்லூரி பதினான்காவது.

"பக்கத்துல இருக்கிறது எப்படி பதினாலாவது வந்துது?" என்று கேட்டேன்.

"அங்க லேப் நல்லாருக்கும் அத்தை."

"லேப்புக்காக எவளாவது முந்நூத்தம்பது கிலோமீட்டர் போவாளா?"

சேர்மராஜ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "போவா, போஸ்ட்டாபீஸம்மா. படிக்கிற பிள்ளை போவா," என்றான். உன்னைக் கேட்டேனா என்றேன்.

எனக்குத் தெரியும். கல்லூரிக்காக யாரும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பின்னால் ஒரு பையன் இருப்பான். தேடினேன். நோட்டுகளில் தேடினேன், அவள் சிநேகிதிகளிடம் சாடைமாடையாகக் கேட்டேன், பள்ளிக்கூடத்து ஆண்டுமலரில் பெயர்களைப் படித்தேன். பையன் ஒருவனும் இல்லை. அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. பையனும் இல்லாமல் ஒருத்தி எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

வீரவநல்லூர் வந்துவிட்டதா? இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள், ஃபைலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோமு மஸ்கட்டிலிருந்து பேசினாள். அவளிடம் பேசுவதற்கு வடிவு என் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவாள். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. பின்கட்டில்தான் துளசி இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. வடிவு சொன்னாள்: "தூரமா இருக்கணும்மா. அதான் முக்கியம்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கோமு ஏதோ பேசினாள். பிறகு இவள், "எனக்கு மூச்சு முட்டுதும்மா," என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, சளி இல்லை, ஒன்றும் இல்லை என்று சொன்னார். பொய் சொல்லியிருக்கிறாள் அம்மாவிடம்.

தூரம்தான் முக்கியம் என்கிற கல்லூரியில் என்ன சொல்லித் தருவார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

ஆகஸ்டு மாதம், கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர், சிவில், முதலாவது போட்டது. மெசேஜ் என் போனுக்குத்தான் வந்தது. படித்துவிட்டு, அடுப்பில் குழம்பு இருந்ததால் இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தபிறகு அவளிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான்கு வருஷத்தில் முதல் தடவை. போகப் போகிறோம் என்றதும் கட்டிக்கொள்கிறாள், பாருங்கள்.

கிடைத்தால் போதாது. வேண்டும் என்று இரண்டு நாளைக்குள் நாம் உறுதி செய்ய வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி கடைசி. செய்யாவிட்டால் இடமும் போய்விடும், அடுத்த சுற்றுக்கும் கூப்பிட மாட்டார்கள். சேர்மராஜ் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவை சொன்னால் காரணம் இருக்கும் என்று நானும் குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் கரிநாள். காலண்டரில் சிவப்பில் போட்டிருந்தது. நல்ல காரியத்தைக் கரிநாளிலா செய்வார்கள்? நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் விடிந்ததும் குளித்து, தலை பின்னி, ஃபைலோடு நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டாள். புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம், அது கழியட்டும் என்றேன். கழிந்தது. கொடியில் துணி காய்ந்துவிட்டது, மடித்து வைத்துவிட்டுப் போ என்றேன். நானே மடித்திருப்பேன், எனக்கு அன்று மூட்டு வலி. சேர்மராஜ் கடை வரைக்கும்கூட நடக்க முடியாது என்று தோன்றியது.

"அப்ப போனைக் குடுங்க அத்தை. வேல முடிஞ்ச கையோட கொண்டாந்துருதேன்."

போனை யாரிடமும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. "நீ போ. நம்பர் வந்தா நான் போன்ல சொல்லுதேன்," என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை.

"கட்டாயம் சொல்லணும் அத்தை."

"என்ன, என்மேல சந்தேகமா?"

தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா என்று தெரியவில்லை. அப்போது மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு மேல் மெசேஜ் வந்தது. ஆறு எண். கீழே இங்கிலீஷில், இதை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. யாருக்கும் என்றால் யாருக்கும். நான் பி.ஏ. படித்தவள், எனக்கு இங்கிலீஷ் தெரியும். உடனே போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"போஸ்ட்டாபீஸம்மா, சேர்மராஜ் பேசுதேன். நம்பர் வந்துட்டா? சொல்லுங்க."

"எந்தச் சேர்மராஜ்?"

"எந்தச் சேர்மராஜா! ஊருல எத்தன சேர்மராஜ் இருக்கான்? பிரௌசிங் சென்டரு."

"இது உன் நம்பர் இல்லையே."

"அதுல சார்ஜ் இல்ல. வீட்டுக்காரி போன்லேருந்து பேசுதேன். சட்டுன்னு சொல்லுங்கம்மா, பத்து நிமிசந்தான் தாங்கும் அந்த நம்பர்."

இதைக் கவனியுங்கள். தெரியாத நம்பர். அவசரம். ரகசிய எண்ணைக் கேட்பது. பேப்பரில் அந்த வாரம்தான் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், இந்த மூன்றும் சேர்ந்தால் மோசடி என்று. எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரை அப்படித்தான் பேங்க் மானேஜர் மாதிரி பேசி ஒருவன் மொட்டையடித்தான். நான் வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. அதே நம்பர். இந்தத் தடவை பெண் குரல்.

"அத்தை, நான்தான். நம்பரச் சொல்லுங்க."

"நான்தான்னா யாரு?"

"அத்தை... வடிவு."

இப்போதெல்லாம் குரலையே செய்துவிடுகிறார்கள், தெரியுமா உங்களுக்கு? பிள்ளையின் குரலில் அம்மாவிடம் பேசிப் பணம் பறிக்கிறார்கள். அதுவும் பேப்பரில் வந்ததுதான். நான் சோதித்துப் பார்த்தேன்.

"வடிவுன்னா சொல்லு பாப்போம். உங்கம்மா மஸ்கட்டுக்குப் போன அன்னைக்கி என்ன கலர்ல சேல உடுத்தியிருந்தா?"

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது மட்டும் கேட்டது.

"சேல இல்ல அத்தை. சுடிதாரு. பச்ச. நீங்க அன்னைக்கி வாசலுக்கே வரல."

சரியான பதில்தான். ஆனால் சரியான பதிலை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

"அத்தை, மணி நாலரையாவப் போகுது அத்தை." அழ ஆரம்பித்தாள். அழுகிறமாதிரியும் பேச வைப்பார்கள் என்று போட்டிருந்தது. நான் வைத்தேன். இன்னொரு மெசேஜ் வந்தது, வேறு ஆறு எண். இன்னொரு தடவை அடித்தது. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பட்டன் போன் அணைகிறபோது ஒரு சின்ன இசை வரும், கேட்டிருக்கிறீர்களா? தாலாட்டு மாதிரி இருக்கும்.

அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். அன்று பிரதோஷம். எல்லாப் பிரதோஷத்துக்கும் நான் போவதில்லை. அன்று போக வேண்டும் போல இருந்தது. வீட்டைப் பூட்டினேன், வழியில் ஒரு பாக்கெட் பால் வாங்கினேன், நடந்தேன். கோயிலில் போனை அணைத்து வைக்கச் சொல்லி எழுதியே போட்டிருக்கிறார்கள். நான் முன்கூட்டியே அணைத்திருந்தேன்.

நந்திக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். கறுப்புக் கல்மேல் பால் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் மனசில் ஒன்றும் நிற்காது. அன்று அப்படித்தான் இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது பின்னால் கசகசவென்று சத்தம். ஆட்கள் விலகுகிறார்கள். வடிவு வருகிறாள். காலில் செருப்பு. கோயிலுக்குள்ளே, நந்திக்கு முன்னால், செருப்போடு! "ஏட்டி, செருப்பு!" என்றேன். அவள் என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து போனை எடுத்து அழுத்தினாள். அந்தப் போன் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டு இங்கே வந்திருக்கிறார்கள். சேர்மராஜ் வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டு, பெண்டாட்டி போனிலிருந்தே, கடையில் சார்ஜில் போட்டிருந்த அவன் போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவளிடம் கத்திக்கொண்டிருந்தான், இன்னொரு நம்பர் அனுப்பச் சொல்லு, இன்னொரு நம்பர் அனுப்பச் சொல்லு என்று. போன் உயிர் பெற்றது. பழைய எண்கள் இருந்தன, அவை செத்த எண்கள். புதியது வர வேண்டும். கல்மண்டபத்துக்குள் டவர் இருக்காது. வடிவு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிப்பிராகாரத்துக்கு ஓடினாள். நானும் போனேன். மூட்டு வலியோடுதான் போனேன்.

ஐந்து மணி மூன்று நிமிஷத்துக்கு வந்தது. நானே பார்த்தேன். ஆறு எண்ணும் தெளிவாக இருந்தன.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் போனை என் பைக்குள் திரும்ப வைத்தாள். மஞ்சள் பையின் காதுகளை ஒன்றாகச் சேர்த்து என் கையில் மாட்டிவிட்டாள். அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே போனாள். ஒரு வார்த்தை இல்லை. நான்கு வருஷம் சோறு போட்டவளிடம் ஒரு வார்த்தை!

சேர்மராஜ்தான் பேசினான். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டிய," என்றான். நான் சொன்னேன்: "பண்ணினது நீ. தெரியாத நம்பர்லேருந்து யாரு உன்னைப் பேசச் சொன்னது?" அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி கோமு பேசினாள். "அத்தை, நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க," என்றாள். நான் மெசேஜில் எழுதியிருந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். "இல்ல அத்தை, நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க," என்றாள். எண்ணிப் பார்த்தேன், நாலு தடவை. நம்புகிறவள் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருப்பாள். அண்ணனுக்கும் இதே குணம்.

நான் கையை விரித்துவிட்டு உட்காரவில்லை. உள்ளூர்க் காலேஜில் பி.எஸ்ஸி. கணிதம் இருக்கிறது. நடந்தே போகலாம். அதற்கு விண்ணப்பம்கூட என்னிடம் தயாராக இருந்தது. அவள் பெயர், பிறந்த தேதி எல்லாம் என் கையெழுத்தில் எழுதியே வைத்திருந்தேன். எடுத்து மேஜையில் வைத்தேன். வடிவு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"இத எப்ப வாங்குனீங்க அத்தை?"

"ஏன்?"

"மேல சீல் இருக்கு. மே மாசம்."

"கையில ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கினேன். தப்பா?"

ரிசல்ட் வந்த வாரம் வாங்கியது அது. எல்லோரும் அப்படித்தானே வாங்கி வைப்பார்கள்? நீங்கள் வாங்கி வைக்கவில்லையா? இல்லையா? உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி.

பி.எஸ்ஸி. சேர மாட்டேன் என்றுவிட்டாள். தினமும் காலையில் குளித்துவிட்டு சேர்மராஜ் கடைக்குப் போனாள். அவனுக்கு ஒரு ஆள் கிடைத்தது. இதற்குத்தான் அவன் ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டிருப்பான் என்று எனக்கு அப்போது புரிந்தது. சம்பளம் கொடுத்தான் என்கிறார்கள். சொல்லுவார்கள். அடுத்த வருஷம் விண்ணப்பிக்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இவள்தான் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தாளாம். ஒவ்வொருவரிடமும், "உங்க சொந்த நம்பரக் குடுங்க, வீட்டுல உள்ளவங்க நம்பர் வேண்டாம்," என்று சொன்னாளாம். அதை எனக்கு வந்து சொல்ல நாலு பேர் இருந்தார்கள்.

அதற்கு முன்னால், இடம் போன வருஷமே கார்த்திகையில் ஒருநாள், சேர்மராஜ் பெண்டாட்டி அன்னக்கிளி ஆட்டோவோடு வந்து நின்றாள். "எங்க அத்த இறந்தபெறகு ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு, போஸ்ட்டாபீஸம்மா. பிள்ள அங்கன இருக்கட்டும்," என்றாள். நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு? ஒரு உறவும் கிடையாது. ஒரு உறவும் இல்லாதவர்கள் எதற்காக ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோமு போனில் சரி என்று சொல்லிவிட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை. வடிவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாசலுக்கு வரவில்லை. உள்ளே வேலை இருந்தது.

பாப்பா எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. என்னம்மா, பார்த்துக்கொண்டே இருக்கிறாய்? எவ்வளவு நேரமாகக் கேட்கிறாய்? பார்த்தீர்களா, உங்கள் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன், பிறகு உங்கள் இஷ்டம்.

மேலப்பாளையம் தாண்டியாயிற்று. புது பஸ் ஸ்டாண்டில்தானே இறங்குகிறீர்கள்? நான் ஜங்ஷன் போக வேண்டும்.

என்ன கேட்கிறாள்? சத்தமாகச் சொல்லும்மா. அவள் என்ன ஆனாள் என்றா?

மறு வருஷம் அவளாகவே விண்ணப்பித்தாள். கோயம்புத்தூரில் அதே கல்லூரி, அதே சிவில். இப்போது இரண்டாம் வருஷம். லீவுக்கு ஊருக்கு வந்தால் சேர்மராஜ் வீட்டில் தங்குகிறாள். அது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.